நீ கேட்ட கறுப்பு வாட்ச்

தம்பி,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. அம்மா இரண்டு தடவை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உன்னோடு பேசிவிட்டு வந்தாள். நான் கூடப் போகவில்லை. முழங்கால் வலி என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். வலி உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. கடைசிப் பக்கத்தின் அடியில் நீ எழுதியிருந்த இரண்டு வரிதான் காரணம். 'முகூர்த்தத்தன்று உங்கள் அம்புக்குறி போட்ட கறுப்பு வாட்சைக் கட்டிக்கொள்ள ஆசை. தபாலில் அனுப்ப வேண்டாம், வரும்போது வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தாய். இந்த இருபத்தாறு வருஷத்தில் நீ என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. முதல் தடவையாக ஒன்றைக் கேட்டிருக்கிறாய். அது இப்போது என்னிடம் இல்லை. நான் விற்கவில்லை, தொலைக்கவும் இல்லை. யாருடையதோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை நேரில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்யாண வீட்டில் பந்தல்காரர் ஒரு பக்கமும் சமையல்காரர் ஒரு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இதைப் பாதி சொல்லிப் பாதி விழுங்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. எழுதினால் விழுங்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பீரோவின் மேல்தட்டில், வெல்வெட் துணி விரித்த தகரப் பெட்டியில் ஏழு வாட்சுகள் இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். ஏழும் தண்ணீருக்கு அடியில் வேலை செய்கிற படைவீரர்களுக்காக ஒரு காலத்தில் செய்தவை. தடித்த இரும்புக் கூடு, கறுப்பு முகம், இருட்டிலும் தெரிகிற எண்கள். சுற்றிலும் நிமிஷக் கோடு போட்ட ஒரு வளையம் உண்டு. தண்ணீரில் இறங்கும்போது அதைத் திருப்பி முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், உள்ளே போய் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று ஒரே பார்வையில் தெரியும். 'இதுல என்னங்க அழகு இருக்கு, சட்டி மாதிரி' என்று அம்மா சொல்லுவாள். அழகுக்காகச் செய்யாத பொருள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மனிதனின் மூச்சை நம்பி அவன் கையில் கட்டிவிடுகிற பொருள் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது எதற்காகச் செய்யப்பட்டது என்று நன்றாகத் தெரிந்தவன் நான். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

இந்தப் பைத்தியம் தொடங்கியது சூசையால். நீ அவரைப் பார்த்ததில்லை. அப்போது நான் மலையடிவாரத்தில் ஓர் அணையில் ஓவர்சியர். நீ பிளஸ் டூ சேர்ந்த வருஷம். மழைக்காலத்தில் ஒரு முழு மரம் அடித்து வந்து, நீருக்கடியில் மதகுக் கதவில் குறுக்கே சிக்கிக்கொண்டது. திருச்செந்தூருக்கு அப்பால் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு முக்குளிப்பாளரை வரவழைத்தார்கள். சூசை கப்பற்படையில் பதினைந்து வருஷம் நீர்மூழ்கி வேலை பார்த்து ஊர் திரும்பியவர். தம்பி ராயப்பனைக் கூட்டி வந்திருந்தார். அண்ணன் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்க, தம்பி தோணியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வான். சூசையின் பழைய கருவியில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள் கிடையாது. இருபத்தைந்து நிமிஷம் என்பது அவர் கணக்கு. வளையத்தைத் திருப்பி வைப்பார், கழுத்தில் கிடக்கும் சிலுவையைத் தொட்டுக்கொள்வார், இறங்கிவிடுவார். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் கயிறு இரண்டு தடவை அசையும். பிசகியதே இல்லை.

முதல் நாள் அவர் கரையேறிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாட்சைப் பார்த்தேன். கறுப்பு முகத்தின் நடுவில் சின்னதாக ஓர் அம்புக்குறி, பின்மூடியிலும் அதே அம்பு, அதன் கீழே ஓர் எண். பழைய பிரிட்டிஷ் படைச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. ஓய்வுபெற்ற நாளில் அவருடைய மேலதிகாரி தன் கையிலிருந்து கழற்றி அவர் கையில் கட்டிவிட்டாராம். 'எனக்குக் கொடுப்பீர்களா' என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். 'இது எனக்குத் தொழில் சாமான்லா அண்ணாச்சி. நான் தண்ணிய விட்டு ஏறுத அன்னைக்கு ஒங்களுக்குத்தான், போதுமா?' என்று சிரித்தார். நான் மட்டும் காத்திருந்திருந்தால் அவரே என் கையில் கட்டிவிட்டிருப்பார். இதை நான் எத்தனை தடவை நினைத்தேன் என்று சொல்லி முடியாது.

அந்த ஒன்று கிடைக்காத ஆசையில்தான் மற்றவற்றைத் தேடிப் போனேன். தூத்துக்குடியில் உடைத்த கப்பலின் சாமான்கள் விற்கிற கடையில் ஒன்று கிடைத்தது. கப்பற்படையில் சமையல்காரராக இருந்த ஒரு பெரியவரிடம் ஒன்று. துபாயிலிருந்து திரும்பிய மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்த வெள்ளைக்காரரிடம் வாங்கி வந்தது ஒன்று. பம்பாயில் இதே கிறுக்குப் பிடித்த ஒருவரோடு கடிதப் போக்குவரத்து உண்டாயிற்று. சூசையின் வாட்சைப் பற்றி அவருக்கு விவரமாக எழுதினேன். அந்த வகை அபூர்வம், தானும் கண்ணால் பார்த்ததில்லை என்று பதில் போட்டார். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். உன் தாத்தாவின் முதல் வருஷத் திதிக்குப் பாபநாசம் போனோமே, நினைவிருக்கிறதா? படித்துறையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று நான் அவரை விரட்டினேன். அலுவலகத்தில் அவசரம் என்று உன்னிடம் சொன்னேன். அவசரம் ஒன்றும் இல்லை. மேலப்பாளையத்துக்காரர் மறுநாள் மறுபடி துபாய்க்கு விமானம் ஏற இருந்தார், அதற்குள் அந்த வாட்சைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நேரத்தில் என் மனம் பஸ் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈர வேட்டியோடு நான் ஓடியதைப் பார்த்து நீ சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை.

அந்த மேலப்பாளையத்து வாட்ச், தோற்றத்தில் சூசையினுடையதற்கு உடன்பிறப்பு. அம்புக்குறிதான் கிடையாது. நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது சூசை மறுபடி அணை வேலைக்கு வந்தார். 'ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம் பின்னால போவுது அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆள்ட்ட காமிச்சுத் தாங்க' என்று தானே கழற்றி என் கையில் கொடுத்தார். நான் திருடப் போகவில்லை தம்பி, அது தானாக என் உள்ளங்கைக்கு வந்தது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதே முடிவாகிவிட்டது.

மேலப்பாளையத்தில் மைதீன் பாய் கடை. நீயும் என்னோடு வந்திருக்கிறாய். இரண்டையும் அவரிடம் கொடுத்து, அம்புக்குறி போட்டது அணையில் முக்குளிக்கிறவருடையது, மற்றதையும் அவர்தான் கட்டப்போகிறார் என்றேன். சூசையுடையதை எண்ணெய் போட்டுத் துடைத்தாலே போதும், உள்ளே பொன்னாட்டம் இருக்கிறது என்றார். மற்றதைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். 'மெஷின் நல்லாருக்கு. ஆனா உள்ள தண்ணி போகாம மறிக்கிற ரப்பர் வளையமெல்லாம் செத்துப்போச்சு, பின்மூடியும் சரியா உக்காரல. கை கழுவத் தாங்கும். அணைக்குள்ள எல்லாம் தாங்காது. நல்ல வளையம் பம்பாய்ல இருந்து வரணும். அதுவரைக்கும் இதோட தண்ணில எறங்கவேண்டாம்னு அந்த ஆள்ட்ட கண்டிப்பா சொல்லிருங்க.' சொல்கிறேன் என்றேன்.

சூசையிடம் போய் என்ன சொன்னேன் தெரியுமா? உங்கள் வாட்சின் மெஷின் துருப்பிடித்து முடிந்துபோயிற்று, உதிரிபாகத்துக்குத்தான் ஆகும் என்று அங்கேயே கொடுத்துவிட்டேன் என்றேன். உங்களுக்குத் தொழில் நின்றுவிடக் கூடாது, என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலப்பாளையத்து வாட்சை நீட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. 'இதை எங்கிட்ட தந்துட்டியளே, ஒங்களுக்கு உசுருல்லா இதெல்லாம்' என்றார். கையில் கட்டி, வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். 'தண்ணி தாங்கும்லா அண்ணாச்சி?' தாங்காது என்று சொன்னால், ரப்பர் வளையம் வருகிறவரை என் பழையதையே கொண்டுவாருங்கள், வேறு யாரிடமாவது காட்டுகிறேன் என்பார். அந்த ஒரு நொடியில் இதைத்தான் யோசித்தேன். 'தாங்கும்' என்றேன். அடுத்த வாரம் அவர் மனைவி பிலோமி ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி கொடுத்து அனுப்பினாள். சைவ வீடு என்று கருவாடு அனுப்பவில்லையாம். அந்தக் கருப்பட்டியில் அம்மா உனக்குப் பணியாரம் சுட்டுத் தந்தாள். அந்த விடுமுறையில்தான் அம்புக்குறி போட்ட வாட்சை முதல் தடவையாகப் பார்த்து, 'எங்கப்பா வாங்கினீங்க?' என்று கேட்டாய். பம்பாய் என்றேன்.

பதினாறு நாள் கழித்து அது நடந்தது. அன்று மூன்றாவது தடவையாக அவர் இறங்கியிருந்தார். நான் அணையின் மேல் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். கயிறு அசையவில்லை. இருபத்தைந்து ஆயிற்று, முப்பது ஆயிற்று. ராயப்பனிடம் வாட்ச் கிடையாது. அவன் அண்ணனை நம்பி உட்கார்ந்திருந்தான். என் கையில் வாட்ச் இருந்தது. ஆனாலும் கயிற்றை இழு என்று நான் கத்தவில்லை. கத்தினால் ஏதோ ஒன்று நிச்சயமாகிவிடும் என்று பயந்ததைப் போல நின்றேன். திடீரென்று நீர்க்குமிழிகள் நின்றன. அடுத்த நிமிஷம், அமுக்கிப் பிடித்த கட்டை விடுபட்டது மாதிரி சூசை மேலே வந்து விழுந்தார். மூக்கிலும் காதிலும் ரத்தம். காற்று தீர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே வீச்சில் ஏறியிருக்கிறார். அப்படி ஏறவே கூடாது என்று எனக்கு விளக்கிச் சொன்னவரே அவர்தான். தோணியைக் கரைக்கு இழுத்து அவரைக் கிடத்தியபோது வாட்சைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. முள் பதினெட்டாவது நிமிஷத்தில் நின்றிருந்தது. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது என்று நம்பி அந்த மனிதர் இருட்டுக்குள் மரத்தை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் செய்ததிலேயே கேவலமானது. எல்லாரும் ஜீப்பைக் கொண்டுவர ஓடினார்கள். நான் அவர் மணிக்கட்டிலிருந்து அந்த வாட்சைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். அதற்குள் பம்பாயிலிருந்து ரப்பர் வளையம் வந்துவிட்டது. மைதீன் பாய் கழுவிக் காயவைத்து, மூடியைச் சரிபண்ணி, புது வளையம் போட்டுக் கொடுத்தார். தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்டதற்கு, வீட்டில் வாளிக்குள் விழுந்துவிட்டது என்றேன். சூசையின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தேன். சூசை அதைக் காதில் வைத்துக் கேட்டார். அடுத்த முறை போனபோது, 'ஒரு நாள் பூரா வாளித் தண்ணில போட்டு வச்சேன் அண்ணாச்சி. பொட்டுத் தண்ணி எறங்கல. வாட்சு மேல தப்பே இல்ல. நான்தான் வளையத்தைத் திருப்ப மறந்திருக்கேன்' என்றார். இடது கால் இழுத்துக்கொண்டது, ஒரு காது போயிற்று. தண்ணீரை விட்டு ஏறியே விட்டார். ஐஸ் கம்பெனி வாசலில் காவல் வேலை பார்த்தார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், பிறகு போகவில்லை. போகாததற்குக் காரணம் தேடிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. உன் படிப்பு, இடமாற்றம், ஓய்வு. ஏழு வருஷம் ஓடிவிட்டது.

உன் கடிதம் வந்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன் சுத்தம் பண்ணி வைக்கலாம் என்று அந்தக் கறுப்பு வாட்சை எடுத்துக்கொண்டு மைதீன் பாயிடம் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, ஆளைக்கூட முகத்துக்கு அருகே வந்துதான் பார்க்கிறார். ஆனால் வாட்சைத் தொட்டதும் சொல்லிவிட்டார். 'இது அந்த முக்குளிக்குத அண்ணனோடதுல்லா? அவரு நல்லாருக்காரா? அன்னைக்கு நான் சொன்னதை அவர்ட்ட சொல்லிட்டியளா?' சொல்லிவிட்டேன் என்றேன். ஏழு வருஷத்துக்குப் பிறகும், கேட்ட மறு நொடி, ஒரு தடங்கலும் இல்லாமல் அந்தப் பொய் வந்தது. வாட்சை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவனுக்கு ஆட்டோ பிடிக்கக்கூடத் தெம்பில்லை. கடைவாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு வந்தது அழுகையோ பயமோ இல்லை தம்பி, அலுப்பு. ஒரு மூட்டையை இறக்கி வைக்க இடம் தெரியாமல் ஊர் ஊராகச் சுமந்தவனுக்கு வருகிற அலுப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

'அன்னைக்குத் துவைக்கப் போட்ட சட்டைப்பைக்குள்ள ஈர வாட்சு இருந்துச்சு. எடுத்து மேசையில வச்சது நான்தான. அவருக்கு அடிபட்ட அன்னைக்கு அவரு வாட்சு ஒங்க பைக்குள்ள என்னத்துக்கு இருக்குன்னு எனக்குத் தோணாமலா இருக்கும்?'

'பின்ன ஏன் கேக்கல?'

'கேட்டா நீங்க சொல்லிருவியளோன்னு பயந்தேன்' என்றாள். வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, 'நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போவோம். நானும் வாரேன்' என்றாள்.

சூசை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் பழைய மேலப்பாளையத்து வாட்ச் அவர் கையில் இருந்தது. 'வாங்க அண்ணாச்சி! மதினியும் வந்திருக்காவளா! ஏ பிலோமி, காப்பி போடு' என்று கம்பை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, 'நான் சொல்லுததைக் கேட்டுட்டு, பொறவு காப்பி குடுக்கலாமா வேண்டாமான்னு பாருங்க' என்றேன். அம்புக்குறி வாட்சை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பின்மூடியைத் திருப்பி எண்ணைத்தான் பார்த்தார்.

'இது என் வாட்சுல்லா.'

'ஆமா.'

'ஓடாதுன்னு சொன்னிய.'

'நல்லாத்தான் ஓடிச்சு. ஆசைல பொய் சொன்னேன்.'

எல்லாவற்றையும் சொன்னேன். மைதீன் பாய் எச்சரித்ததை, ஆவி படிந்த கண்ணாடியை, சட்டைப்பையை, புது வளையத்தை. நடுவில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். அதுவரை அண்ணாச்சி என்றவர் அதற்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

'தண்ணி தாங்குமான்னு நான் கேட்டேனே. அப்பவே ஒமக்குத் தெரியுமாவே?'

'தெரியும்.'

பிலோமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'ஏழு வருசமா இந்த மனுசன் ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு. எப்படி மறந்தேன் பிலோமி, எப்படி மறந்தேன்னு. நீங்க மறக்க மாட்டிய, நீங்க மறக்க மாட்டியன்னு நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. ஊருக்குள்ள மணி மறந்த சூசைன்னு பேரு. சின்னப் பிள்ளையளும் அப்படித்தான் சொல்லுது.' அவள் அழுதது கோபத்தாலா, தன் புருஷன் தவறவில்லை என்று தெரிந்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று அம்மா பிறகு சொன்னாள்.

 சூசை மெதுவாகச் சொன்னார். 'கால் போனதைக் கூட விடும்வே. கடல்ல எவனுக்கு எப்ப என்ன போவும்னு யாரு கண்டா. என்னைய நானே நம்பாமப் போயிட்டேன். எம் பேரனைத் தூக்கிட்டுக் கரையில போயி நின்னதில்ல. நிக்கிறதையே மறந்து தண்ணிக்குள்ள விட்டுருவேனோன்னு பயம். அவனுக்கு இப்ப அஞ்சு வயசு ஆச்சு.' கம்பை எடுத்துக்கொண்டார். 'எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு பஸ் ஏற முடியாது. கரைக்கு வாரும். ராயப்பன்ட்டயும் மத்தவங்கள்ட்டயும் ஒம்ம வாயால சொல்லும்.'

மணலில் அவர் கால் இழுத்துக்கொண்டு நடக்க, நாங்கள் இருவரும் பின்னால் போனோம். சங்கு குளிக்கிறவர்கள் கரையேறிச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராயப்பனையும் சேர்த்து ஆறு பேர். வெயிலில் நின்று இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன். முதல் தடவை சொன்னபோது இல்லாத நடுக்கம் இரண்டாம் தடவை வந்தது. முடிக்குமுன் ராயப்பன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். 'எங்கண்ணன் மணியை மறந்துட்டான்னு ஊருக்கெல்லாம் சொன்னது நான்தானவே! என்னைய சொல்ல வச்சுட்டீரேவே!' என்று கத்தினான். சூசை 'விடுலே' என்றார். அவன் விடவில்லை. அப்போது அம்மா முன்னால் போய், 'நானும் தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தேன்யா. என்னையும் சேத்துக் கேளு' என்றாள். அவன் கை தளர்ந்துவிட்டது. அண்ணன் காலடியில் மணலில் உட்கார்ந்து, அந்த விளங்காத காலைக் கட்டிக்கொண்டான். சூசை அவன் தலைமுடியைப் பிடித்து ஆட்டினார். பிறகு அம்புக்குறி வாட்சை அவன் கையில் கொடுத்தார். 'நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டு எறங்கு. மொதல்ல வாளில போட்டுப் பாத்துக்கோ' என்றார். என் பக்கம் திரும்பி, 'சொல்லிட்டீருல்லா. போங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்றார். போங்க என்றது என்னைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து. காப்பி யாரும் கொடுக்கவில்லை.

மன்னித்தாரா என்று நீ கேட்பாய். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை? அப்போது அணையில் இருந்த எஞ்சினியர் ஓய்வுபெற்று மதுரையில் இருக்கிறார். அவருக்கும் நடந்ததை எழுதிப் போட்டேன். மீதி ஆறு வாட்சுகளையும் நல்ல வளையம் போட்டுத் தருகிறேன், உங்கள் ஆட்கள் கட்டிக்கொள்ளட்டும் என்று ராயப்பனுக்குச் சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அவன் சொன்னதுதான் சரி. ஆறும் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. நான் சாவி கொடுப்பதில்லை. அவற்றைத் தொட இப்போது எனக்கு ஆயாசமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தெரியாது, ஆனால் பட்டதைச் சொல்லலாம். ஒரு பொருளின் மேல் ஆசைப்படு, தப்பில்லை. அதை வைத்திருக்கிற ஆள் உன் கண்ணுக்கு மறைந்துபோகிற அளவுக்கு ஆசை வளர்ந்தால் அங்கேயே நின்றுவிடு. நீ பார்க்கிற கம்ப்யூட்டர் வேலையிலும் ஒருவர் உன்னை நம்பி, 'தாங்குமா?' என்று கேட்பார். தாங்காது என்றால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாட்ச் போயிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, இது வீட்டுக்கானது. உன் மனைவி ஏதோ ஒன்றைப் பார்த்தும் உன்னிடம் கேட்காமல் இருந்தால், அதை நிம்மதி என்று எண்ணிவிடாதே. நீயாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார். நானும் உன் அம்மாவும் ஒரே கூரைக்குக் கீழே ஏழு வருஷம் ஒரே விஷயத்தைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றிருக்கிறோம். இப்போதுதான் மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறோம். சில நாள் சண்டையும் போடுகிறோம். அது பரவாயில்லை.

முகூர்த்தத்துக்கு நீ சம்பாதித்து வாங்கிய வாட்சைக் கட்டிக்கொள். இந்தக் கடிதத்தை அந்தப் பெண்ணிடம் காட்டுவதானாலும் காட்டு, தடுக்க மாட்டேன். இப்படிப்பட்டவர் பக்கத்தில் மணவறையில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நீ சொன்னால், பந்தலில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். பூத்துக்கு போன் போட்டு எதுவும் சொல்ல வேண்டாம். யோசித்துக்கொண்டே வா. வியாழக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். ரயிலைவிட்டு இறங்கி என் முகத்தைப் பார்ப்பாயோ, பார்க்காமல் அம்மா எங்கே என்று கேட்பாயோ, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் பெட்டியை என்னிடம் கொடு, நான் தூக்கிக்கொள்கிறேன்.

அப்பா